தொடக்கத்திலேயே நின்றுவிடும் பெருநாவல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்து கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், பெரிய நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கூட்டத்திலேயே பாதிப் பேர் முதல் சில அத்தியாயங்களுக்குள் நின்றுபோயிருப்பார்கள். காரணம் கேட்டால் "மெதுவாகப் போகிறது" என்பார்கள். இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். ஒருவருக்குப் பெயர்கள் குழம்பியிருக்கும். இன்னொருவருக்குக் கதை நடக்கும் ஊர் பிடிபட்டிருக்காது. மற்றொருவர் இரவு வேலை முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் ஒன்றரைப் பக்கம் புரட்டியிருப்பார். வேறொருவரிடம் இருக்கும் பிரதியே பழுதானதாக இருக்கும். "நூறு பக்கம் பொறுத்துக்கொண்டால் பிறகு தானாக ஓடும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் குழம்பியவர் நூறு பக்கம் பொறுத்தால், நூறாவது பக்கத்தில் இன்னும் மோசமாகக் குழம்பியிருப்பார்.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகச் செல்லலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிட வேண்டும்.

முதல் சோதனை: கையிலிருக்கும் பிரதி சரியானதா?

எங்கள் பக்கத்திற்குத் தமிழ் நாவல்கள் பெரும்பாலும் ஈப்போ, கோலாலம்பூர் கடைகளிலிருந்தும், தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்களின் பெட்டிகளிலிருந்தும், பெரியவர்களின் பழைய அலமாரிகளிலிருந்தும் வந்து சேர்கின்றன. பழைய பிரதியாக இருந்தால் பக்க எண்களை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். புத்தகங்கள் பதினாறு பதினாறு பக்கங்கள் கொண்ட ஃபாரங்களாக அச்சாகித் தைக்கப்படுவதால், ஒரு ஃபாரம் விடுபட்டிருந்தால் 64ஆம் பக்கத்தை அடுத்து 81 வந்து நிற்கும். சில பிரதிகளில் ஒரே ஃபாரம் இரண்டு முறை சேர்ந்திருக்கும். கவனமாகப் படிப்பவர்கள்கூட இதைத் தங்கள் புரிதலின் குறை என்று எண்ணிக்கொண்டு பல நாள் தடுமாறுவதுண்டு.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் முன்னுரையையும் பார்த்து, அது சுருக்கப் பதிப்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுருக்கியவர் வர்ணனைகளை எடுத்துவிட்டுச் சம்பவங்களை மட்டும் வைத்திருப்பார். மனிதர்கள் காரணமில்லாமல் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், மூல ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதிப்பது நல்லது. காப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையான பழைய தமிழ் நாவல்கள் பல, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. சந்தேகமான பக்கத்தை அதனோடு ஒப்பிடலாம். அச்செழுத்து கண்ணுக்குச் சிறியதாக இருந்தாலும், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அதையே படிக்கலாம்.

அறிகுறி: யார் யார் என்றே தெரியவில்லை

இது ருஷ்ய நாவல்களில் அதிகம். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' 1805 ஜூலை மாதத்தில், பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் மாலை விருந்தில் தொடங்குகிறது. டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்திற்குப் 'போரும் வாழ்வும்' என்று பெயர். விருந்தினர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். அந்த விருந்து முடிவதற்குள் புத்தகத்தை மூடியவர்கள் எங்கள் வட்டத்திலேயே பலர்.

ஆனால் மலேசியத் தமிழருக்கு இந்தப் பெயர்முறை அவ்வளவு அந்நியமானதல்ல. நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) என்று அச்சிட்டிருக்கிறார்கள் அல்லவா? ருஷ்யப் பெயரின் நடுப்பகுதி செய்வதும் அதே வேலைதான்: மகனென்றால் 'ஓவிச்', 'யெவிச்' என்றும், மகளென்றால் 'ஓவ்னா', 'யெவ்னா' என்றும் தந்தை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆந்திரேய் நிக்கொலாயெவிச் என்றால் நிக்கொலாயின் மகன் ஆந்திரேய். மரியா நிக்கொலாயெவ்னா என்றால் நிக்கொலாயின் மகள் மரியா. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும்: அண்ணன் பல்கோன்ஸ்கி, தங்கை பல்கோன்ஸ்கயா. இவை போதாவென்று செல்லப்பெயர்களும் உண்டு. நதாஷா என்று எல்லோரும் அழைக்கும் பெண்ணின் முழுப்பெயர் நதால்யா. அந்தக் காலத்து ருஷ்யப் பிரபுக்கள் பிரெஞ்சு மோகத்தில் இருந்தவர்கள் என்பதால், பியோத்தர் என்பவன் நாவலில் பெரும்பாலும் பியேர் என்றே அழைக்கப்படுகிறான். பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது வேறு: பல்கோன்ஸ்கி வீட்டுக் கிழவரும் நிக்கொலாய், ரஸ்தோவ் வீட்டு இளைஞனும் நிக்கொலாய்.

செய்ய வேண்டியது இது. நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை வந்த வரிசையில் எழுதினால் பயன் கிடையாது. வீடு வாரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உறவையும், ஆசிரியர் அந்த ஆளைப் பற்றிச் சொன்ன ஏதேனும் ஓர் உடற்குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பருத்தவன், கண்ணாடி அணிந்தவன், மேலுதடு குட்டையானவள் என்பதுபோல. டால்ஸ்டாய் அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். பெயர் மறந்தாலும் உதடு நினைவிருக்கும். அந்தப் பெயர்த்தாளையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொண்டால், தேட வேண்டிய வேலை மிச்சம்.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் குடும்ப மரங்களை மட்டும் நாடாதீர்கள். யார் யாரை மணந்தார்கள், யார் எப்போது இறந்தார்கள் என்பதை அந்த ஒரே படம் போட்டு உடைத்துவிடும்.

அறிகுறி: பக்கங்கள் போகின்றன, ஒன்றுமே நடக்கவில்லை

இங்கே நிறைய வாசகர்களை இழக்கிறோம். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ளா' 1862இல் வந்தது. கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழைபடும் பாடு' இதுதான். கதைநாயகன் ழான் வால்ழான் என்பது புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் தெரியும். ஆனால் மூல நூலின் முதல் படலம், பதினான்கு அத்தியாயங்கள், முழுக்க முழுக்க மிரியேல் என்ற வயதான பிஷப்பைப் பற்றியது. அவருடைய வரவு செலவுக் கணக்கு, அவர் வீடு, அவர் தங்கை, வீட்டு வேலைக்காரம்மாள் என்று அது போய்க்கொண்டேயிருக்கிறது. இரண்டாம் படலத்தில்தான், 1815 அக்டோபரில் ஒரு மாலை, வால்ழான் அந்த ஊருக்குள் நடந்து வருகிறான்.

செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் எங்கள் கூட்டத்தில் கேட்டார்: "அண்ணே, இந்தப் பாதிரியார் எப்ப போவாரு, கதை எப்ப வரும்?" அவருக்கு நான் சொன்னது: "அலமாரிச் சாவி எங்க இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க தம்பி."

முதல் படலத்தின் ஆறாவது அத்தியாயத்தில் அந்தச் சாவி இருக்கிறது. பிஷப் தம்மிடமிருந்த எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டவர். எஞ்சியிருப்பவை, ஆறு பேருக்கான வெள்ளிக் கரண்டி முட்கரண்டிகள், ஒரு பெரிய வெள்ளி அகப்பை, பாட்டி முறையான ஒருவர் வழியில் வந்த இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள். வேலைக்காரம்மாள் ஒவ்வோர் இரவும் வெள்ளிச் சாமான்களைப் பிஷப்பின் தலைமாட்டில் இருக்கும் சிறு அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். ஆனால் சாவியை எடுப்பதே கிடையாது என்று ஹியூகோ ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதே அத்தியாயத்தில் வாசல் கதவும் வருகிறது: பூட்டோ தாழ்ப்பாளோ போடுவதில்லை, வழிப்போக்கன் எவனும் தள்ளினால் திறந்துகொள்ளும். வர்ணனை என்று நாம் தாண்டிப்போகும் அந்தப் பக்கங்களில், பின்னால் நடக்கப்போகும் இரவுக்கு வேண்டிய எல்லாம் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் படிக்காதவருக்கும் அந்த இரவு விளங்கும். ஆனால் அந்த வெள்ளியைத் தவிர அவரிடம் வேறெதுவும் மிச்சமில்லை என்பதைத் தெரிந்து படிப்பவருக்கு அது கனக்கும்.

ஆகவே சம்பவத்தைத் தேடும் கண்ணோடு தொடக்கத்தைப் படிக்காதீர்கள். மூன்றைத் தேடுங்கள்: ஆசிரியர் எண்ணிக்கை சொல்லிக் குறிப்பிடும் பொருள், இரண்டு முறை சொல்லப்படும் பொருள், ஒருவர் நாள்தோறும் தவறாமல் செய்யும் பழக்கம். இவற்றுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் போதும். இரவல் புத்தகமாக இருந்தால் பக்க எண்ணைப் பெயர்த்தாளில் எழுதிக்கொள்ளலாம். கோடு போட்ட பொருளில் ஏதாவது ஒன்று திரும்ப வரும் இடத்தில் நாவல் உங்களுக்குப் பிடி கொடுத்துவிடும்.

நாயகனையே காணோம் என்றால், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலின் 135 அத்தியாயங்களில், கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவது 22ஆம் அத்தியாயத்தில். கேப்டன் ஏஹாப் மேல்தளத்தில் முதன்முதலாகத் தென்படுவது 28ஆம் அத்தியாயத்தில். அந்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்துவது கடைசி மூன்றில். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கொடுத்தால், மூன்றாம் அத்தியாயத்தில் யாரும் "திமிங்கிலம் எங்கே" என்று கேட்பதில்லை. கதையைச் சொல்லிவிடுவது வேறு, வழித்தூரத்தைச் சொல்வது வேறு.

அறிகுறி: ஊரும் காலமும் கண்ணுக்குத் தெரியவில்லை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவன், ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களையும் (தண்ணீர் வெளியேறும் மதகுகள்) பற்றிக் கேட்டறிந்ததை நினைத்துக்கொண்டு வருகிறான். தொடராக அதைப் படித்த தமிழ்நாட்டு வாசகர்களில் பலருக்குக் கொள்ளிடம் எங்கே, குடந்தை என்ற கும்பகோணம் எங்கே என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நம் நிலைமை அதுவன்று. மூன்றாம், நான்காம் தலைமுறையாகத் தோட்டத்தின் பெயரையே சொந்த ஊராகச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு, பழையாறை என்பது வெறும் ஓசை. ஏரி, ஆறு, கோட்டை என்று பெயர்கள் அடுக்கப்படும்போது மனத்தில் ஒன்றும் எழாததால் கதை நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது. உண்மையில் குதிரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு தாளின் மேற்பகுதியில் வீரநாராயண ஏரியையும் (இன்றைய வீராணம்) கடம்பூரையும் குறியுங்கள். அதற்குக் கீழே குறுக்காகக் கொள்ளிடத்தை வரையுங்கள். அதற்கும் கீழே குடந்தை, அதன் அருகில் பழையாறை, தென்மேற்கே தஞ்சாவூர். முதல் பாகமான 'புது வெள்ளம்' பெரிதும் இந்தத் தாளுக்குள் அடங்கும். கைப்பேசியில் இன்றைய வரைபடத்தைப் பார்ப்பதைவிடக் கையால் போடுவதே மேல், ஏனென்றால் போட்டவருக்குத் திசை மறக்காது.

சில நாவல்களில் இந்தச் சிக்கல் தலைகீழாக நமக்குச் சாதகமாகவும் அமையும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சுமத்ராவின் மேடானிலும் பினாங்கிலும் நடப்பது. தமிழ்நாட்டு வாசகர் அகராதி தேடும் மலாய்ச் சொற்கள் நமக்குப் பாசாரில் (சந்தையில்) காதில் விழுபவை. ஜப்பான்காரன் காலத்தையும் அவன் வெளியிட்ட வாழைமர நோட்டையும் பற்றிப் பாட்டி தாத்தா சொல்லக் கேட்காத வீடு எங்கள் வட்டாரத்தில் குறைவு. அந்த நாவலில் தடுக்கி விழச் செய்வது வேறொன்று: நாயகன் பாண்டியனின் மனவோட்டம் முன்னறிவிப்பின்றிப் பாய்வதும், பழந்தமிழ் வரிகள் இடையிடையே வந்து விழுவதும். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: சொற்கள் தெரிகின்றன, வாக்கியம் நகரவில்லை

வாய்விட்டுப் படியுங்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சான முதல் தமிழ் நாவல். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் வந்தது. முன்னதில் வடசொற்கள் கலந்த நீண்ட வாக்கியங்கள்; பின்னதில் அக்காலத்து மதுரைப் பக்கத்து அந்தணர் வீட்டுப் பேச்சு. இரண்டையும் கண்ணால் படித்தால் கல்லாகத் தெரியும், காதால் கேட்டால் இளகிவிடும். நகைச்சுவை எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் புலப்படும். படிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மற்றவர்கள் உட்கார்ந்து கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய பாடமுமல்ல.

மொழிபெயர்ப்பு நாவலாக இருந்து, வாய்விட்டுப் படித்தும் வாக்கியம் நகரவில்லை என்றால், குறை மொழிபெயர்ப்பில் இருக்கலாம். வேறொரு தமிழாக்கமோ, ஆங்கில அல்லது மலாய்ப் பதிப்போ கிடைத்தால், முதல் இரண்டு பத்திகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தெளிவாக இருப்பது இங்கே முடிச்சாக இருந்தால், தயங்காமல் பிரதியை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: தினமும் அதே பக்கத்தையே படிக்கிறேன்

என் கணிப்பில் இதுவே எல்லாவற்றிலும் பரவலான காரணம். ஆனால் இதை யாரும் காரணமாகச் சொல்வதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகிறவர், செம்பனை ஆலையில் மாறிமாறி ஷிப்ட் பார்க்கிறவர், தொழிற்சாலை பஸ்ஸில் ஈப்போ வரை போய்வருகிறவர் என எல்லோரும் புத்தகத்தை எடுப்பது படுக்கைக்குப் போகும்போதுதான். பெருநாவலின் தொடக்கம், பற்றிக்கொள்ள இன்னும் எதுவும் இல்லாத நிலையில் பத்து ஆட்களையும் இரண்டு ஊர்களையும் ஒரே நேரத்தில் நினைவில் தாங்கச் சொல்லும் பகுதி. அதைத் துண்டு துண்டாகப் படித்தால் நேற்றுத் தாங்கியது இன்று இருக்காது. மறுபடி அதே பக்கம். நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் கதையே ஆட்களைத் தாங்கிக்கொள்ளும், அங்கே துண்டாகப் படித்தாலும் கெடுவதில்லை.

ஆகவே நேரத்தைத் தலைகீழாகப் பங்கிடுங்கள். முதல் பகுதிக்கு வாரத்தின் மிகச் சிறந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஓய்வு நாள் காலையில் பசியாறிவிட்டு, கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஒரே இருப்பில் படியுங்கள். முடிந்தால் மறு வாரமும் அப்படியே. அதன் பிறகு இரவு நேரத்துக்கு மாறலாம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களிலுமாக 293 அத்தியாயங்கள், வாரத் தொடராக வந்ததால் ஒவ்வொன்றும் ஓர் இருப்புக்கு அளவானது.

'போரும் அமைதியும்' நாவலில் 361 அத்தியாயங்கள் இருப்பதால் நாளுக்கொன்றாக ஓராண்டில் முடிக்கலாம் என்று ஒரு முறை பிரபலமாக இருக்கிறது. நடுப்பகுதிக்கு அது நன்றாகவே பொருந்தும். தொடக்கத்துக்கு அதைப் போல் கெடுதலானது வேறில்லை. அந்த மாலை விருந்தைக் கடக்கவே பல நாள் ஆகி, விருந்தினர் ஒவ்வொருவரையும் தினமும் புதிதாகச் சந்திக்க நேரிடும்.

நிறுத்தும் இடத்தையும் கவனியுங்கள். அத்தியாய முடிவில் நிறுத்தாமல், உரையாடலின் நடுவே நிறுத்திவிட்டு, மறுமுறை அரைப் பக்கம் முன்னால் போய்த் தொடங்குங்கள். பாதியில் விட்ட பேச்சு அடுத்த நாள் உங்களை எளிதில் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஆசிரியர் கதையை விட்டுவிட்டுச் சொற்பொழிவாற்றுகிறார்

வேதநாயகம் பிள்ளையின் அறவுரைகளைத் தாண்டிச் செல்லலாம்; கதை கெடாது. ஹியூகோவிடம் சற்று எச்சரிக்கை வேண்டும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வாட்டர்லூ போருக்குப் பத்தொன்பது அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். பதினெட்டை மேலோட்டமாகப் பார்த்தாலும் பெரிய இழப்பில்லை. போர்க்களத்தில் இரவில் நடக்கும் பத்தொன்பதாவதை விட்டுவிட்டால் பின்னர் இரண்டு குடும்பங்களுக்கிடையே வரும் கடன் விளங்காது. பொதுவாகவே, தாண்டும் பகுதியின் கடைசி அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

அறிகுறி: படம் பார்த்துவிட்டதால் ஆர்வம் வரவில்லை

'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்த பிறகு இந்தப் புகார் கூடியிருக்கிறது. ஐந்து பாகங்களை இரண்டு படங்களில் அடக்கியபோது விடுபட்டதும் மாறியதும் ஏராளம். படத்தோடு ஒத்துப்போகாத முதல் இடத்தைக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு படியுங்கள். வெகுதூரம் போக வேண்டியிருக்காது.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால்

பக்க எண்ணை எல்லையாக வைக்காமல், ஆசிரியரே பிரித்து வைத்திருக்கும் முதல் பெரும் பகுதியின் முடிவை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்ததும், புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒருவரையாவது பற்றி "இவர் என்ன ஆவார்" என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் வெட்கப்படாமல் மூடிவிடலாம். இருபத்தைந்து வயதில் கைவிட்ட நாவலை ஐம்பதில் ஒரே மூச்சில் படித்தவர்களை எங்கள் வட்டத்திலேயே காட்ட முடியும்.

மூடும்போது பெயர்த்தாளைக் கிழித்தெறிய வேண்டாம். நிறுத்திய பக்கத்தில் அதை வைத்து, கீழே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: இப்போது யார் எங்கே இருக்கிறார்கள், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள். மீண்டும் எடுக்கும் நாளில் முதல் பக்கத்துக்கு ஓடினால் பழைய இடத்திலேயே மறுபடியும் அலுப்புத் தட்டும். தாளைப் படித்துவிட்டு, நிறுத்திய அத்தியாயத்துக்கு இரண்டு அத்தியாயம் முன்னாலிருந்து தொடங்குங்கள். தாளில் எழுதிய பெயர்களில் பாதிகூட நினைவுக்கு வரவில்லை என்றால் மட்டும், அந்தப் பாகத்தின் தொடக்கத்திற்குத் திரும்பலாம்.